தமக்குத் தாமே புரவலர்: சோழமண்டல ஓவியர் கிராமத்தின் வரலாறு

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். முருகனிடம் ஆற்றுப்படுத்தும் ஒன்று நீங்கலாக, ஏனைய நான்கும் பாணரையும் பொருநரையும் கூத்தரையும் பற்றியன. வள்ளல் ஒருவனைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு இரங்கி, செல்ல வேண்டிய வழியையும் காண வேண்டிய வள்ளலையும் எடுத்துரைப்பதே இந்நூல்களின் அமைப்பு. மாணவர்க்கு இவற்றைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் வள்ளலின் கொடையையும் நாட்டின் வளத்தையுமே விரித்துரைக்கிறோம். ஆயின் அவற்றுள் வேறொரு செய்தியும் உண்டு. கலைஞர்க்குக் கலைஞரே உற்ற துணையாயினர். ஆனால் சோறிடும் கை மட்டும் வேறொருவனுடையதாக இருந்தது. அந்த வேறொருவன் மறைந்து போனால், ஒரு கலைஞன் மற்றொரு கலைஞனை யாரிடம் ஆற்றுப்படுத்துவான்?

இவ்வினாவுக்குத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஓவியர் சிலர் 1966-ஆம் ஆண்டில் ஒரு விடை கண்டனர். புரவலனைத் தேடிச் செல்லாமல், தமக்குத் தாமே புரவலராவது என்பதே அவ்விடை. ஓவியக் கல்லூரி ஒன்றில் ஆசிரியரும் மாணவருமாகக் கூடிய ஒரு குழு, தன் கைத்தொழிலால் பொருள் ஈட்டி, நிலம் வாங்கி, ஊர் ஒன்றை அமைத்து, தன் காலில் நிற்கும் கலை நிறுவனமாக வளர்ந்த வரலாறு அது. அவ்வூரின் பெயர் சோழமண்டலம். நம் நாட்டுத் தமிழாசிரியரும் பெற்றோரும் இவ்வரலாற்றை அறிந்து கொள்வதால் பயன் உண்டு என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானேன்.

அரசர் மறைந்தபின்

ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று மதுரைக்காஞ்சி குறிக்கிறது. காண்பவர் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிறுத்துபவர் என்பது அதன் நயம். சித்தன்னவாசல் குகையிலும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் இவ்வினைஞர் வரைந்தவை இன்றும் எஞ்சியுள்ளன. தஞ்சைக் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பிற்கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்து கிடந்ததை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அவ்வோவியங்களை எழுதுவித்த மன்னன் யார் என்பதை நாம் அறிவோம். எழுதிய கைகளுக்கு உரியவர் பெயரை நாம் அறியோம். புரவலன் பெயர் நிற்பதும் கலைஞன் பெயர் மறைவதும் பழங்காலத்து இயல்பு.

அரசரும் சிற்றரசரும் மறைந்தனர். ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழைய கலைப்பள்ளிகளுள் அஃது ஒன்று. மட்பாண்டம், மரவேலை, உலோக வேலை முதலிய தொழில்களைத் திருத்தமாகக் கற்பிப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. காலப்போக்கில் ஓவியமும் சிற்பமும் அங்கு மேலோங்கின. ஆயின் கற்று வெளிவந்த இளைஞர்க்கு வாழ வழி யாது? பள்ளியில் ஓவிய ஆசிரியராகலாம்; விளம்பரப் பலகை எழுதலாம்; திரைப்படக் கூடத்தில் திரைச்சீலை தீட்டலாம். தம் உள்ளத்தில் தோன்றியதை வரைந்து, அதனை விற்று உயிர் வாழ்தல் என்பது அரிதினும் அரிது. அந்நாளில் சென்னையில் புதுமுறை ஓவியங்களை விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே.

ஆசிரியரைச் சுற்றித் திரண்ட குழு

அக்கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக விளங்கியவர் வங்கச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரைக்குச் சென்றவர் எவரும் அவர் வடித்த உழைப்பாளர் சிலையைக் காணாமல் திரும்பியிரார். 1959-இல் நிறுவப்பட்ட அச்சிலையில், பாறை ஒன்றைப் பெயர்க்க நால்வர் கூடி உன்னி நிற்கின்றனர். ஒருவரால் இயலாததைப் பலர் கூடி ஆற்றும் காட்சி அது. நாம் கூற வந்த வரலாற்றுக்கும் அதுவே பொருத்தமான சின்னம் எனலாம்.

ராய் சௌத்ரியிடம் பயின்று, பின்னர் அவருக்குப் பின் கல்லூரித் தலைமை ஏற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். அவர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பச் சுமையால் தந்தித் துறையில் சில ஆண்டுகள் ஊழியம் பார்த்து, தம் இருபத்தைந்தாம் வயதில், 1936-இல், அவ்வேலையை விட்டுவிட்டுக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மாதச் சம்பளத்தைத் துறந்து ஓவியம் கற்க வந்தவர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கலைஞன் வயிற்றைப் பற்றி அவர் பிற்காலத்தில் அவ்வளவு கவலை கொண்டதற்கு இந்த இளமை வாழ்வும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1944-இல் பணிக்கரும் அவர் நண்பரும் சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் தோற்றுவித்தனர். கூடிப் பேசுவதும், ஒருவர் படத்தை மற்றொருவர் ஆராய்வதும், சேர்ந்து கண்காட்சி நடத்துவதும் சங்கத்தின் பணிகள். 1954-இல் பணிக்கரின் ஓவியங்கள் லண்டனிலும் பாரிசிலும் காட்சிக்கு வைக்கப்பெற்றன. மேலைநாட்டாரைப் பின்பற்றி வரைவதில் பெருமை இல்லை, நம் மண்ணுக்குரிய வடிவம் வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. 1957-இல் கல்லூரித் தலைவரான பின் அவ்வெண்ணத்தை மாணவரிடையே வளர்த்தார். 1961-இல் சங்கத்தின் சார்பில் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்னும் ஆங்கில இதழ் வெளிவரலாயிற்று. 1963 முதல் பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசை ஓவியங்களை வரைந்தார். சாதகக் கட்டங்கள், எழுத்துகள், எண்கள், நாட்டுப்புற உருவங்கள் ஆகியவற்றைப் போன்ற வடிவங்கள் அவற்றில் நிறைந்துள்ளன. எழுத்தைப் படிப்பதற்கன்றிப் பார்ப்பதற்கென்று பயன்படுத்திய புதுமை அது.

இவ்வாறு சங்கமும் இதழும் கண்காட்சியும் அமைந்தன. ஆர்வமுள்ள இளைஞர் பலர் திரண்டனர். ஆயினும் இவை யாவும் ஒரு குழுவுக்கு உரியவையே. ஒரு தொழிலுக்கு உரியவை அல்ல. கூட்டம் முடிந்து வீடு திரும்பும் இளைஞனுக்கு மறுநாள் உணவுக்கு வழி இல்லையெனில், அவன் எத்தனை நாள் ஓவியனாக இருப்பான்? திறமை மிக்க மாணவர் கல்லூரியை விட்டு நீங்கியதும் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் புகுந்து, தூரிகையை மறந்து போவதைப் பணிக்கர் ஆண்டுதோறும் கண்டார். குழுவைக் காக்க வேண்டுமாயின் குழுவுக்கு ஒரு பொருளாதாரம் வேண்டும் என்று தெளிந்தார்.

மெழுகும் சாயமும்

அந்தப் பொருளாதாரம் எதிலிருந்து தோன்றியது? நம் மலேசிய மக்களுக்கு நன்கு தெரிந்த பாத்தேக் துணியிலிருந்து.

பாத்தேக் செய்யும் முறையை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். துணியின்மேல் உருகிய மெழுகைத் தூரிகையாலோ, சந்திங் என்னும் சிறு குழாய்க் கருவியாலோ இட வேண்டும். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. முதலில் மெல்லிய நிறத்தில் தோய்த்து, காக்க வேண்டிய பகுதிகளை மெழுகால் மூடி, அடுத்து அழுத்தமான நிறத்தில் தோய்க்க வேண்டும். இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்கினால் வண்ணப்படம் துணியில் நிற்கும். மெழுகில் வெடிப்பு விழுந்த இடங்களில் சாயம் கசிந்து நூலிழை போன்ற கோடுகள் தோன்றும். கோட்டிலும் நிறத்திலும் தேர்ந்த கை உடையவர்க்கு இது விரைவில் வசப்படும் தொழில்.

பாத்தேக் என்பது சாவக நாட்டுச் சொல். 1927-இல் மலாயா வழியாகச் சாவகம் சென்ற இரவீந்திரநாத் தாகூரின் பயணத்தை அடுத்துச் சாந்திநிகேதனத்தில் இக்கலை கற்பிக்கப்படலாயிற்று. இந்தியக் கலைஞரிடையே இது பரவுதற்கு அஃது ஒரு வாயிலாக அமைந்தது. இதில் ஒரு வரலாற்று வியப்பும் உண்டு. ஐரோப்பியர் 'கொரமாண்டல்' என்று திரித்து வழங்கிய சோழமண்டலக் கடற்கரையிலிருந்து சாயத்துணிகள் பல நூற்றாண்டுகளாக மலாக்காவுக்கும் சாவகத்துக்கும் கப்பலேறின. அக்கரைக்குச் சாயத்துணி அனுப்பிய கடற்கரை, பின்னர் அக்கரையிலிருந்து வந்த சாய முறையால் தன் ஓவியர்களுக்குச் சோறிட்டது. கொண்டும் கொடுத்தும் வளர்வதே கலை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கல்லூரியில் ஓவியப் பிரிவோடு கைவினைப் பிரிவும் இருந்தது. உயர்ந்த கலை, தாழ்ந்த கைவினை என்று பிரிக்கும் மனப்பான்மையைப் பணிக்கர் ஏற்கவில்லை. பாத்தேக், தோல் வேலை, உலோக வேலை, மட்பாண்டம் முதலியவற்றை ஓவியரும் சிற்பியரும் செய்து விற்கலாம் என்று ஊக்கினார். 1960களின் முற்பகுதியில் ஓவியர் கைவினைச் சங்கம் உருவாயிற்று. உறுப்பினர் செய்த பொருள்களைச் சங்கம் காட்சிக்கு வைத்து விற்றது. விற்பனையில் ஒரு பங்கு செய்தவருக்கு. ஒரு பங்கு பொதுநிதிக்கு. ஓவியத்தை வாங்கத் தயங்கிய மக்கள், அதே கையால் அமைந்த பாத்தேக் துணியை விரும்பி வாங்கினர்.

பணிக்கரின் திட்டத்தில் உள்ள நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். ஓவியத்தையே சந்தைக்குரிய பொருளாக மாற்றிவிட்டால், வாங்குவோர் விருப்பமே ஓவியனுக்குக் கட்டளையாகிவிடும். அரசன் இருந்த இடத்தில் கடைக்காரன் அமர்வான், அடிமைத்தனம் மாறாது. ஆகவே விற்பதற்கு ஒரு தொழில், படைப்பதற்கு ஒரு தொழில் என்று நாளைப் பகுத்துக் கொண்டனர். கைவினை வயிற்றுக்கு விடை சொல்லிற்று; ஓவியம் உள்ளத்துக்கு மட்டும் விடை சொன்னால் போதுமானதாயிற்று. வாணிகத்தைத் தழுவியே வாணிகத்தின் ஆட்சியிலிருந்து ஓவியத்தை விடுவித்தனர்.

மணற்பரப்பில் ஓர் ஊர்

பாத்தேக் விற்பனையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு, சென்னையின் தென்புறத்தே, மாமல்லபுரம் செல்லும் வழியில், ஈஞ்சம்பாக்கத்தில் கடலையொட்டி ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பெற்றது. முப்பதுக்கு மேற்பட்ட ஓவியரும் சிற்பியரும் இம்முயற்சியில் ஈடுபட்டனர். 1966-இல் ஊர் உருவாயிற்று. அக்கடற்கரையின் பழம்பெயரையே ஊருக்குச் சூட்டினர்.

தொடக்கத்தில் அங்கு மணலன்றி வேறொன்றும் இல்லை எனலாம். மின்விளக்கு இல்லை; நல்ல பாதை இல்லை. இளைஞர் கூரைக் குடிசைகளில் தங்கினர். நாளடைவில் வீடுகளும் பணிக்கூடங்களும் காட்சிக்கூடமும் திறந்தவெளி அரங்கும் எழுந்தன. நிலத்தில் உறுப்பினர்க்கு மனை ஒதுக்கப்பட்டது. ஒரு பகுதி பொதுவில் நிறுத்தப்பட்டது. ஊரின் ஆட்சியும் விற்பனையும் ஓவியர் கைவினைச் சங்கத்தின் கையிலேயே இருந்தன. 1967-இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கர் தம் எஞ்சிய வாழ்நாளை இவ்வூருக்கு அளித்து, 1977-இல் மறைந்தார்.

நம் நாட்டுத் தமிழர்க்கு இச்செய்தி வேறொரு வரலாற்றை நினைவூட்டும். 1950களில் ஆங்கிலேயர் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, வேலையும் வீடும் ஒருசேர இழந்த பாட்டாளிகள் வீதிக்கு வந்தனர். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தனார் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி வீதம் பாட்டாளிகள் செலுத்திய பங்குப் பணம் திரண்டு, 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிற்று. பால் மரம் சீவியவர் அம்மரத்துக்கே பங்குடையவராயினர். ரப்பர்த் தோட்டத்துப் பாட்டாளியும் சென்னை ஓவியனும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே உண்மையைக் கண்டனர்: காலடியில் உள்ள மண் நம்முடையதாக இருந்தால்தான் தலை நிமிர்ந்து நிற்க முடியும்.

பிறநாட்டு முயற்சிகள்

கலைஞர் ஒன்றுகூடி வாழ முயன்றது இதுவே முதன்முறை அன்று. 1888-இல் பிரான்சு நாட்டு ஆர்ல் நகரில் வின்சென்ட் வான்கோ மஞ்சள் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஓவியர் பலர் கூடி வாழும் இல்லமாக அதனை ஆக்கக் கனவு கண்டார். அவ்வாண்டு அக்டோபரில் வந்த காகன் டிசம்பரில் பிரிந்து சென்றார். கனவு இரண்டு மாதத்தில் கலைந்தது. அன்பு இருந்தது, அமைப்பு இல்லை. வான்கோவின் தம்பி அனுப்பிய பணமே அவ்வில்லத்தின் ஆதாரம். அங்கும் சோறிடும் கை வேறொருவருடையது.

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்பார் தம் புதுவீட்டை நண்பர்களான ஓவியரைக் கொண்டு அழகு செய்தார். அந்த நட்பிலிருந்தே 1861-இல் எழுவர் பங்காளிகளாக ஒரு கலைத்தொழில் நிறுவனம் பிறந்தது. சுவர்த்தாள், வண்ணக் கண்ணாடி, மேசை நாற்காலி ஆகியவற்றை அழகுறச் செய்து விற்றது. தொழில் வளர்ந்தது, நட்பு தேய்ந்தது. 1875-இல் பங்காளிகள் சிலர் மனக்கசப்போடு விலக, நிறுவனம் மாரிஸ் ஒருவருக்கே உரியதாயிற்று. அங்கே அமைப்பு இருந்தது, பொதுவுடைமை நிலைக்கவில்லை.

இவ்விரண்டையும் சோழமண்டலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஆர்ல் நகரத்து வீட்டில் தொழில் இல்லை. மாரிஸ் நிறுவனத்தில் தொழில் இருந்தும் அது தனியொருவர் உடைமையாயிற்று. சோழமண்டலத்தில் தொழிலும் உண்டு. அத்தொழிலை நடத்தும் சங்கமும் உண்டு. சங்கம் ஈட்டிய நிலமும் உண்டு. தலைவர் மறைந்த பின்னும் ஊர் மறையாதிருந்ததற்குக் காரணம் இதுவே. பணிக்கர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது.

விளைந்த பயிர்

ஊர் நிலைத்தது என்பது மட்டும் பெருமையாகாது. அங்கே விளைந்த கலை யாது என்பதே வினா. ஜே. சுல்தான் அலி நாட்டுப்புற, பழங்குடி வடிவங்களைத் தழுவி உறுதியான கோடுகளால் வரைந்தார். பணிக்கரின் மைந்தர் எஸ். நந்தகோபால் உலோகத் தகடுகளைப் பற்றவைத்து, முன்புறத் தோற்றத்தையே முதன்மையாகக் கொண்ட சிற்பங்களை ஆக்கினார்; 2017-இல் மறையும் வரை ஊரின் பணிகளில் முன்னின்றார். எஸ். ஜி. வாசுதேவ் ஓவியத்தோடு செப்புத் தகட்டு வேலையிலும் புகழ் பெற்றார். பி. கோபிநாத், மு. சேனாதிபதி, சி. டக்ளஸ், பி. எஸ். நந்தன் முதலியோர் அவ்வூரோடு தொடர்புடைய பிற கலைஞர். கே. இராமானுஜம் கனவுலக நகரங்களையும் விந்தை விலங்குகளையும் நுண்ணிய கோடுகளால் வரைந்தார். 1973-இல் இளமையிலேயே மறைந்தார். வி. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் 1960களின் இறுதியில் பாரிசுக்குச் சென்று அங்கே நிலைத்த புகழ் பெற்றனர்.

கைவினை அவர்களுடைய கலைக்குத் தடையாக இருந்ததா? சிலர் அவ்வாறு கருதக்கூடும். ஆனால் உலோகத் தகடும் செம்பும் அங்கே கைவினைக்குரிய பொருள்களாகப் புகுந்து, பின் சிற்பத்துக்குரிய பொருள்களாக உயர்ந்தன என்பதை நோக்கினால், தொழில் கலைக்குப் புது மொழியைக் கற்றுக் கொடுத்தது என்றே கூற வேண்டும். தென்னாட்டில் 1950களிலிருந்து 1980கள் வரை தழைத்த புதுக்கலைப் போக்கை 'சென்னை இயக்கம்' என்று கலை வரலாற்றாசிரியர் வழங்குகின்றனர். அவ்வியக்கத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் தொகுத்துக் காட்டும் அருங்காட்சியகம் 2009-இல் சோழமண்டலத்திலேயே திறக்கப்பட்டது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. தொடக்க காலத்துக் கலைஞருள் அர்னவாஸ், அனிலா ஜேக்கப் போன்ற பெண்டிர் மிகச் சிலரே. ஓவியத்துக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும், ஒருகாலத்தில் ஊரையே தாங்கிய பாத்தேக் பின்தங்கியது. உறுப்பினர் சிலர் வேறு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை அமைந்தபின் நகரம் அவ்வூரைச் சூழ்ந்து கொண்டது. மணற்காடாக இருந்த நிலம் விலைமதிப்பு மிக்கதாயிற்று. அத்தகைய நிலத்தை இன்று இளங்கலைஞர் ஒரு குழு தன் கைத்தொழிலால் வாங்குதல் எளிதன்று. முதல் தலைமுறை பெற்ற வாய்ப்பு அடுத்தடுத்த தலைமுறைக்கு அவ்வாறே கிட்டுவதில்லை என்பது கூட்டு முயற்சிகள் பலவற்றிலும் காணும் உண்மை.

நம் நாட்டில்

மலேசிய மண்ணிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. 1952-இல் பீட்டர் ஹாரிஸ் கோலாலம்பூரில் புதன்கிழமை ஓவியக் குழுவைத் தொடங்கினார். 1956-இல் முகமது உசேன் எனாஸ் முன்னின்று தீபகற்ப ஓவியர் அணியை அமைத்தார். 1958-இல் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பெற்றது. பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் டெங் என்னும் சீன ஓவியரின் வாழ்வு சோழமண்டல வரலாற்றுக்கு நேர் எதிரான வழியில் சென்றது. போருக்குப்பின் அவர் பாத்தேக் ஆலை ஒன்றை நடத்தினார், அது நட்டமடைந்தது. எஞ்சிய மெழுகையும் சாயத்தையும் கொண்டு, 1950களில் துணியின்மேல் ஓவியம் தீட்டலானார். பாத்தேக் ஓவியம் என்னும் துறைக்கே தந்தை என்று போற்றப்பட்டார். 1968-இல் ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியம் அவர் ஓவியம் ஒன்றைத் தன் வாழ்த்து மடலுக்குத் தேர்ந்தது. சென்னையில் ஓவியரைப் பாத்தேக் தாங்கிற்று. பினாங்கில் பாத்தேக்கே ஓவியமாயிற்று.

தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையது தாஜுதீன், 1960களின் இறுதியில் சென்னைக் கலைக் கல்லூரிக்குச் சென்று 1974 வரை பயின்று திரும்பி, மலேசியாவின் முன்னணி ஓவியருள் ஒருவரானார். சோழமண்டலத்தை ஈன்ற அதே கல்லூரியின் காற்று நம் நாட்டு ஓவியத்திலும் கலந்திருக்கிறது.

இனி, ஆசிரியராகிய நம் கடமைக்கு வருவோம். சுங்கை வேயில் 1972-இல் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தது. ஆலைகள் எழுந்தன, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மாறுநேர வேலைக்குச் சென்று மாதச் சம்பளம் கண்டனர். காட்டையும் வெயிலையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அச்சம்பளம் பெரும் நிம்மதி அளித்தது. அந்த நினைவு இன்றும் நம் பெற்றோர் உள்ளத்தில் ஆழப் பதிந்துள்ளது. பள்ளியில் பிள்ளை அழகாகப் படம் வரைகிறான் என்று நான் கூறும்போது, "படம் போட்டா சோறு கிடைக்குமா, ஐயா?" என்று தாய்மார் கேட்கின்றனர். அக்கேள்வியை நகைத்து ஒதுக்குதல் தவறு. பசியை அறிந்தவர் கேட்கும் கேள்வி அது. கலை தெய்வத்தன்மை உடையது, பணத்தைப் பற்றிப் பேசலாகாது என்று மேடையில் முழங்குவது அதற்கு விடையாகாது.

சோழமண்டல வரலாறு அதற்கு மூன்று விடைகளைத் தருகிறது. முதலாவது, தனித்து நிற்கும் கலைஞனுக்குச் சோறு கிடைப்பது அரிது; கூடி நிற்பவர்க்கு அவ்வளவு அரிதன்று. இரண்டாவது, கலையோடு ஒரு கைத்தொழிலும் கற்றிருத்தல் வேண்டும். தொழிலைத் தாழ்வாகக் கருதுபவன் கலையையும் இழப்பான். மூன்றாவது, ஈட்டியதில் ஒரு பங்கைப் பொதுவில் வைத்துப் பொதுச்சொத்தாக்க வேண்டும். இல்லையேல் குழு பேச்சோடு முடிந்துவிடும்.

இன்று நம் இளைஞர் கைப்பேசி வழியே ஊர் கடந்து, நாடு கடந்து ஒன்றுகூடுகின்றனர். திருமண மடல், கோலம், சட்டைப் படம், தமிழ் எழுத்து ஓவியம் என்று பலவற்றை வரைந்து ஒருவருக்கொருவர் காட்டுகின்றனர். சிலர் விற்கவும் செய்கின்றனர். முற்போக்கு ஓவியர் சங்கம் 1944-இல் நின்ற படியில் இவர்கள் நிற்கின்றனர் எனலாம். குழு கூடிவிட்டது. அடுத்த படி சங்கம். அதற்கு அடுத்த படி பொதுநிதி. அதற்கும் அடுத்த படி தமக்கென ஓர் இடம். 1944-க்கும் 1966-க்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள் உள்ளன என்பதையும் அவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டும். விதைத்த மறுநாளே அறுவடையை நாடுதல் உழவர் மரபன்று.

நம் பள்ளிகளில் கலைக்கல்விப் பாடவேளை பல நேரங்களில் கணக்குக்கும் மொழிப்பாடத்துக்கும் இரையாகிறது. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அவ்வேளையே. பாத்தேக் மரபுக் கைவினையாகப் பாடத்தில் இடம் பெற்றிருந்தும், மெழுகையும் சாயத்தையும் கையால் தொடாமலேயே தொடக்கப்பள்ளியை முடிக்கும் பிள்ளைகள் உளர். அந்த ஒரு பாடவேளையைப் பறிக்காமல் காத்தல் ஆசிரியர் ஒவ்வொருவராலும் இயலும். ஆற்றுப்படை கற்பிக்கும் நாளில் சோழமண்டலத்தைப் பற்றி இரண்டு சொல் கூறுதலும் இயலும்.

பழைய பாணன் வள்ளலின் அரண்மனைக்கு வழி காட்டினான். இன்று வழி காட்ட வேண்டியவர் ஆசிரியர். காட்ட வேண்டிய வழி, அரண்மனை வாயிலுக்குச் செல்வதன்று; ஒத்த மனத்தார் கூடி, உழைத்து, பகிர்ந்து, தம் மண்ணில் தாமே ஊன்றி நிற்பதற்குச் செல்வது. அவ்வழியில் நடந்து காட்டியவர் சோழமண்டலத்தார். அவர்தம் வரலாறு நம் பிள்ளைகளின் செவிக்கும் எட்டுவதாக.